கட்-ஆஃபுக்கு அப்புறம் ஒன்பது செகண்ட்: இதுல நான் என்னத்தக் கத்துக்கணும்?

காவேரிக்கரை (டர்பன்) | வெள்ளி இரவு 9:40

ரெண்டரை வருஷமா உள்ளேயே வெச்சிருந்ததை இன்னிக்கு இறக்கி வெக்கிறேன். நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க.

எனக்குச் சொந்த ஊர் மாயவரம் பக்கம். கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவுல டர்பன் வந்து பதினாலு வருஷம் ஆச்சு. சர்க்கரை எல்லைக்கோட்டுல நிக்குதுன்னு டாக்டர் சொன்னதால முப்பத்தஞ்சு வயசுல ஓட ஆரம்பிச்சவ நான். பள்ளிக்கூடத்துல லெமன் அண்ட் ஸ்பூன்ல கூட ஜெயிச்சதில்ல. ஆனா இந்த ஊர்ல ஓட ஆரம்பிச்சா யாரும் அஞ்சு கிலோமீட்டரோட விடமாட்டாங்க. அடுத்த கேள்வி, "காம்ரேட்ஸ் எப்போ?" (டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவுல நடக்கற நெடுந்தூர ஓட்டம் அது.)

2023 ஜூன் 11, டவுன் ரன், அதாவது மேட்டுலேர்ந்து கடற்கரைப் பக்கம் இறங்கி ஓடற வருஷம். பீட்டர்மாரிட்ஸ்பர்க்ல காலைல அஞ்சரைக்குக் கிளம்பி, 87.7 கிலோமீட்டர் ஓடி, டர்பன் கிங்ஸ்மீட் கிரிக்கெட் மைதானத்துல முடிக்கணும். பன்னெண்டு மணி நேரம் கெடு. தெரியாதவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். பன்னெண்டு மணி ஆகறப்போ ஒருத்தர் ஓடி வர்றவங்களுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு ஃபினிஷ் லைன்ல நிப்பார். கை வானத்தைப் பார்த்து இருக்கும், கையில துப்பாக்கி. யார் வர்றா, எவ்வளவு பக்கத்துல வர்றான்னு அவர் பார்க்கக் கூடாதுன்னுதான் அந்த முதுகு. வெடிச்சதும் ஆளுங்க கை கோத்து கோட்டை மூடிடுவாங்க. அதுக்கப்புறம் வந்தா மெடல் கிடையாது, முடிச்சவங்க பட்டியல்ல பேரும் கிடையாது.

நான் அந்த முதுகைப் பார்த்தேன். இருட்டிடுச்சு, மைதானம் பூரா விளக்கு. ரெண்டு பக்கமும் ஜனங்க "கம் ஆன் மா, கம் ஆன்"னு கத்தறாங்க. வெடிச்ச சத்தம் காதுல கூட விழல, ஜனங்க "ஆ...."ன்னு இழுத்ததுதான் கேட்டுச்சு. கை கோத்து நின்னவங்ககிட்ட நான் போய்ச் சேர்ந்தப்போ என் வாட்ச்ல 12:00:09. ஒரு அம்மா கோத்த கையை விடாமயே என் நெத்தில முத்தம் குடுத்தாங்க. அது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு.

அன்னிலேர்ந்து வாட்ஸ்அப்ல, கோயில்ல, ஆபீஸ்ல எல்லாரும் சொல்றது ஒண்ணேதான்: தோல்விதான் வெற்றிக்கு முதல் படி. சரி, படின்னா ஏறி எங்கேயாவது போயிருக்கணும்ல? நான் 2024ல ஓடல, 2025லயும் ஓடல. ஷூ அலமாரில இருக்கு. போன வாரம் பதிமூணு வயசுப் பொண்ணு கேக்கறா, "அம்மா, நீ தோத்ததுல என்ன கத்துக்கிட்ட?" ஸ்கூல்ல கட்டுரையாம். எனக்குப் பதில் வரல.

போட்டின்னு எதுலயாவது இறங்கி ஏமாந்தவங்க சொல்லுங்க. நெஜமாவே என்ன கத்துக்கிட்டீங்க? ஃபார்வர்டு மெசேஜ் வேண்டாம்.

---

வெற்றி_நம்கையில் (ஜோகனஸ்பர்க்) | வெள்ளி 9:52

சகோதரி, தோல்வி என்பது விழுவதில் இல்லை, விழுந்து எழாமல் இருப்பதில்தான் உள்ளது! யானைக்கும் அடி சறுக்கும். துவளாதீர்கள்!! 💪💪

---

காவேரிக்கரை | வெள்ளி 9:53

பன்னெண்டு நிமிஷம் தாங்கிச்சு இந்த இழை.

---

பஸ்_டிரைவர் (சாட்ஸ்வொர்த்) | வெள்ளி 10:30

யோ, சிரிச்சுட்டேன் மா.

நான் பொறந்ததே சாட்ஸ்வொர்த். என் தமிழ்ல தப்பு இருந்தா என் அவ்வாவைத் திட்டுங்க, அவங்க சொல்லிக்குடுத்ததுதான். பதினாலு காம்ரேட்ஸ் முடிச்சிருக்கேன், பச்சை நம்பர் இருக்கு. (பத்து தடவை முடிச்சா அந்த நம்பர் ஆயுசுக்கும் நமக்குத்தான், வேற யாருக்கும் குடுக்கமாட்டாங்க.) அதுல நாலு தடவை பன்னெண்டு மணி பஸ் ஓட்டினேன். நெஜ பஸ் இல்ல. கொடி பிடிச்சு ஒருத்தன் முன்னாடி ஓடுவான், அவனை நம்பி நூறு இருநூறு பேர் கூட்டமா வருவாங்க. எங்க நடக்கணும், எங்க ஓடணும்னு அவன் சொல்றதுதான் சட்டம். அந்தக் கூட்டத்துக்குப் பேர் பஸ், அவன் டிரைவர்.

என் கேள்வியெல்லாம் வேற மாதிரி. பதில் சொல்லுங்க:

ஸ்டார்ட்ல எந்த பேட்ச்ல (எந்த வரிசைக் கூட்டத்துல) நின்னீங்க? துப்பாக்கி வெடிச்சு எவ்வளவு நேரம் கழிச்சு ஸ்டார்ட் கோட்டைத் தாண்டினீங்க? ட்ரம்மண்ட் பாதிவழியில மணி என்ன? டாய்லெட் எத்தனை தடவை? ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்துல ஓடினீங்களா, நடந்தீங்களா?

ஒண்ணு மட்டும் இப்பவே சொல்றேன். அந்த ஒன்பது செகண்ட் கிங்ஸ்மீட்ல தொலையல. அதுக்கு முன்னாடி எங்கேயோ தொலைஞ்சது. எங்கன்னு தெரியாத வரைக்கும் பாடமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. வெறும் வலிதான்.

---

நாலாவது_ஸ்லிப் (ஜோகனஸ்பர்க்) | வெள்ளி 11:05

கிங்ஸ்மீட்னு பேரைக் கேட்டதும் எனக்கு வேற ஒரு ராத்திரி ஞாபகம் வருது. அதே மைதானம், 2003 மார்ச் 3, உலகக் கோப்பை. ஸ்ரீலங்கா 268. நம்ம தென்னாப்பிரிக்கா பேட்டிங் பண்றப்போ மழை தூறிக்கிட்டே இருக்கு. மழையால ஆட்டம் நின்னா எவ்வளவு ரன் வேணும்னு கணக்குச் சொல்ற டக்வொர்த்-லூயிஸ் தாளைப் பார்த்து உள்ளேர்ந்து செய்தி அனுப்பறாங்க: இந்த ஓவர் முடியறப்போ 229 இருந்தாப் போதும். பௌச்சர் முரளியை சிக்ஸ் அடிச்சார், 229 வந்துடுச்சு. கடைசிப் பந்தை நிம்மதியா, பத்திரமா தட்டி வெச்சார், ஒரு ரன்னு கூட ஓடல. மழை கொட்டிச்சு, ஆட்டம் அவ்வளவுதான்.

அப்புறம்தான் தெரியுது, 229 ஜெயிக்கிற எண் இல்ல, சமமாகிற எண். ஜெயிக்க 230 வேணும். ஆட்டம் டை. உலகக் கோப்பை நடத்தின நாடே முதல் சுற்றோட வெளியே.

நான் அன்னிக்கு அங்க நனைஞ்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். "ஜெயிச்சாச்சு"ன்னு பக்கத்து ஆளைக் கட்டிப்பிடிச்சவன் நான். அதுலேர்ந்து எந்தத் தாளா இருந்தாலும், வீட்டுக் கடன் பத்திரமோ பொண்ணோட மார்க் ஷீட்டோ, ரெண்டு தடவை படிப்பேன். என் பாடம் அவ்வளவுதான். பெருசா ஒண்ணும் இல்ல.

---

காவேரிக்கரை | சனி காலை 6:15

@நாலாவது_ஸ்லிப், நன்றி. அந்தப் புல்லுல ஏதோ சாபம் இருக்குபோல.

@பஸ்_டிரைவர் அண்ணா, ராத்திரி பூரா தூங்காம பழைய வாட்ச் டேட்டாவை எடுத்துப் பார்த்தேன். இதுவரைக்கும் ஒரு தடவை கூட அதைத் திறந்ததில்ல.

கடைசிக்கு முந்தின பேட்ச். ஸ்டார்ட் கோட்டைத் தாண்ட எட்டரை நிமிஷம். டாய்லெட் ரெண்டு தடவை. காம்பர்டவுன்கிட்ட க்யூல நின்னதே ஆறு நிமிஷம். ட்ரம்மண்ட் வந்தப்போ 5:52. அதைத் தாண்டி ஆர்தர் நியூட்டன் உட்கார்ந்த பள்ளத்துல எல்லாரையும் போல பூ வெச்சு குட் மார்னிங் சொன்னேன். சொன்னா ரெண்டாம் பாதி நல்லாப் போகும்னு ஐதீகம். என் விஷயத்துல அவருக்குக் காது கேக்கல.

---

பஸ்_டிரைவர் | சனி 6:40

ஐஷ், தப்பான நேரமே இல்லையே அது. 5:52ன்னா பஸ்ஸோடதான் இருந்திருக்கீங்க. ஸ்டார்ட்ல போன எட்டரை நிமிஷமும் கணக்குல உண்டு. இங்க நம்ம மேட் நேரம் (நாம கோட்டைத் தாண்டினதுலேர்ந்து எண்றது) செல்லாது, துப்பாக்கி நேரம்தான். ஆனா அது பின்னாடி நிக்கிற எல்லாருக்கும் போறதுதான். பஸ் டிரைவர் அதையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுவான். அப்புறம் என்ன ஆச்சு?

---

காவேரிக்கரை | சனி 7:02

பஸ்ஸை விட்டு இறங்கிட்டேன் அண்ணா.

க்ளூஃப் வரைக்கும் அவங்களோடதான் வந்தேன். ரொம்ப நல்லா இருந்துச்சு. பாட்டு, கைதட்டல், டிரைவர் "நட"ன்னா நடை, "ஓடு"ன்னா ஓட்டம். ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கம் ஆரம்பிச்சப்போ எனக்குக் கால்ல றெக்கை முளைச்ச மாதிரி. இவங்க ஏன் இவ்வளவு மெதுவா இறங்கறாங்கன்னு தோணிச்சு. இறக்கத்துல நேரத்தைச் சேர்த்து வெச்சுக்கிட்டா கடைசில நிம்மதியா நடக்கலாம்னு கணக்குப் போட்டு முன்னாடி ஓடிட்டேன். அந்த மூணு கிலோமீட்டர்ல நாலு நிமிஷம் மிச்சம் பிடிச்சேன்.

பைன்டவுன்ல ரோடு சமமானதும் தொடை ரெண்டும் கல்லு. மடங்கவே இல்ல. கௌவீஸ் ஹில் ஏத்தத்துல பஸ் என்னைத் தாண்டிப் போச்சு. டிரைவர் திரும்பிப் பார்த்து "அக்கா, ஏறிக்கோ, ஏறிக்கோ"ன்னு ஜுலுவுல கத்தறார். அதே பாட்டு. கை நீட்டினாக் கூட எட்டியிருக்கும். கால் வரல.

---

பஸ்_டிரைவர் | சனி 7:10

அங்கதான் மா.

டவுன் ரன்னைக் கெடுக்கிறது ஏத்தம் இல்ல, இறக்கம். மலை இறங்கறப்போ ஒவ்வொரு அடிக்கும் தொடை பிரேக் போடுது. அறுபது கிலோமீட்டருக்கு மேல ஓடின தொடை அது. இறக்கத்துல சேத்து வெச்ச ஒரு நிமிஷத்துக்கு, கீழ போனதும் மூணு நிமிஷம் வட்டி கட்டணும்.

இன்னொண்ணு கவனிங்க. நீங்க தப்பு பண்ணினது சோர்ந்து போனப்போ இல்ல. நாள் பூராவுலயும் ரொம்ப நல்லா இருந்த நேரத்துல.

---

காவேரிக்கரை | சனி 7:31

இதை ரெண்டரை வருஷத்துல யாரும் சொல்லல. நானும் யோசிக்கல. கடைசி ரெண்டு கிலோமீட்டரையே திருப்பித் திருப்பி ஓட்டிப் பார்த்துக்கிட்டிருந்தேன். அங்க இன்னும் கொஞ்சம் பல்லைக் கடிச்சிருந்தா, இங்க தண்ணிக்கு நிக்காம இருந்திருந்தான்னு.

---

மீன்குட்டி_அம்மா (ஃபீனிக்ஸ்) | சனி 11:20

அக்கா, என் பொண்ணுக்கு 14 வயசு, நீச்சல். மாகாண அணில இடம் ஒரு செகண்ட்ல பத்துல மூணு பங்குல போயிடுச்சு. போன சனிக்கிழமை நடந்தது. நீங்க கேக்கறதுக்கு எனக்குப் பதில் தெரியாது, நானே ஒண்ணு கேக்கத்தான் வந்தேன். கார்ல வர்றப்போ என்ன பேசணும்?

நான் என்ன பண்ணினேன்னு சொல்றேன். பார்க்கிங்லேயே ஆரம்பிச்சுட்டேன். "திரும்பறப்போ சுவரை லேட்டா தொட்ட, போன தடவையும் இதேதான்." அவ ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. தலைமுடிலேர்ந்து தண்ணி சொட்டி சீட் நனையுது. "பரவால்லடா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்"னேன். அதுக்கும் பேச்சு இல்ல. வீடு வர்றப்போ, "அம்மா, எனக்குத் தெரியாததை நீ ஒண்ணும் சொல்லல"ன்னா. அவ்வளவுதான். இன்னிக்கு வரைக்கும் குளத்துப் பக்கம் போகல.

---

திரும்பி_வராதவன் (வெருலம்) | சனி 12:05

முதல் தடவையா எழுதறேன். @மீன்குட்டி_அம்மா, கார்ல ஒண்ணும் பேச வேண்டாம். எங்க அப்பா செஞ்சதைச் சொல்றேன்.

நான் கிரிக்கெட். இடது கை ஸ்பின். பத்தொன்பது வயசுல ஒரு தேர்வு முகாம், நாப்பது பேர்ல பதினஞ்சு பேரை எடுப்பாங்க. முடிஞ்சு ரெண்டு நாள் கழிச்சு ஒரு போன். பேசினவர் என் பேரையே தப்பாச் சொன்னார். முப்பது செகண்ட் கூட இல்ல. பக்கத்துல நின்னுக்கிட்டிருந்த அப்பா எதுவும் கேக்கல. கார் சாவியை எடுத்து, "வா"ன்னார். கடைக்குப் போய் ஆளுக்கொரு குவார்ட்டர் மட்டன் பன்னி சௌ (கால் ரொட்டியைக் குடைஞ்சு உள்ள மட்டன் குழம்பு ஊத்தினது) வாங்கினோம். கடற்கரைல காரை நிறுத்தி, பானட் மேல பேப்பரை விரிச்சு, ரொட்டியைப் பிச்சுத் தொட்டுச் சாப்பிட்டோம். குழம்பு வழிஞ்சு என் வெள்ளை டிரெஸ் பூரா மஞ்சள். அப்பா அன்னிக்கு மொத்தமாப் பேசினது ஒரே வாக்கியம். "உருளைக்கிழங்கு இன்னும் கொஞ்சம் வெந்திருக்கலாம்."

அப்புறம் நான் திரும்பி வரல. கிளப்லயும் ஆடல. எட்டு வருஷம் டிவில மேட்ச் ஓடினா எழுந்து போயிடுவேன். இப்போ கார் பார்ட்ஸ் கடை, பதினோரு பேர் வேலை செய்யறாங்க (ஒரு டீம்!). ஒருத்தரை வேலைக்கு எடுக்கலைன்னாலும், அனுப்பணும்னாலும் நேர்ல உட்கார வெச்சு, பேரைச் சரியாச் சொல்லி, காரணத்தைச் சொல்வேன். போன்ல சொல்லமாட்டேன். அந்த முகாம் எனக்குச் சொல்லிக்குடுத்தது அது மட்டும்தான். கிரிக்கெட்டைப் பத்தி ஒண்ணுமே கத்துக்கல.

---

நாலாவது_ஸ்லிப் | சனி 12:40

@திரும்பி_வராதவன், படிச்சுட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துட்டேன் பாஸ்.

இடது கை ஸ்பின்னுன்னதும் செனுரன் முத்துசாமி ஞாபகம் வர்றார். நம்ம டர்பன் பையன், முன்னோர் நாகப்பட்டினம் (@காவேரிக்கரை, உங்க பக்கம்தான்!). 2019ல விசாகப்பட்டினத்துல முதல் டெஸ்ட், முதல் விக்கெட்டே கோலி. ரெண்டு டெஸ்ட்டோட ஆளைக் காணோம். அடுத்த அஞ்சு வருஷத்துல 2023ல ஒரே ஒரு டெஸ்ட், அப்புறம் 2024லதான் திரும்ப எடுத்தாங்க. 2025 அக்டோபர்ல லாகூர்ல ஒரே மேட்ச்ல பதினோரு விக்கெட், நவம்பர்ல குவாஹாத்தில 109. அந்த அஞ்சு வருஷம் உள்ளூர் ஆட்டத்துல ஓவர் மேல ஓவர் போட்டுக்கிட்டே இருந்திருக்கார். ஆரம்பத்துல முக்கியமா பேட்ஸ்மேனா இருந்தவர், பந்துவீச்சை மெருகேத்திக்கிட்டுத் திரும்பி வந்தார்.

---

திரும்பி_வராதவன் | சனி 12:58

அவர் ஆடறதைப் பார்க்க எனக்கும் சந்தோஷம்தான். லாகூர் மேட்சை முழுசாப் பார்த்தேன். ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? வந்தவங்க கதைதான் நமக்குக் கிடைக்குது. அதே அஞ்சு வருஷம் அதே மாதிரி ஓவர் போட்டு, வராமலே போனவங்க எத்தனை பேரோ. அவங்க ஒண்ணும் கத்துக்காததால வராம போகல.

---

கர்ரீஸ்_ஃபவுண்டன் (டர்பன்) | சனி 4:15

நான் இந்தத் தளத்தில் படிப்பதோடு சரி. இன்று எழுதத் தோன்றியது. எனக்கு 73 வயது. எங்கள் தமிழ்ப் பள்ளியில் எழுத்துத் தமிழ்தான் சொல்லிக் கொடுத்தார்கள், ஆகவே என் நடை இப்படி இருக்கும்.

காவேரி அம்மா, உங்கள் ஒன்பது வினாடி உங்களுடையது. எங்கே போனது என்று நீங்கள் தேடலாம், தேடிக் கண்டும் பிடித்துவிட்டீர்கள். எங்கள் தலைமுறைக்கு அந்த வசதி இல்லை.

காம்ரேட்ஸ் ஓட்டம் 1921 இல் தொடங்கியது. 1935 இல் ராபர்ட் ம்ட்ஷாலி என்ற கறுப்பின மனிதர் ஒன்பதரை மணி நேரத்தில் ஓடி முடித்தார். கணக்கில் சேர்க்கவில்லை. கறுப்பினத்தாருக்கும் எங்களுக்கும் பெண்களுக்கும் முறைப்படி கதவு திறந்தது 1975 இல். இன்று ஒன்பது மணிக்கும் பத்து மணிக்கும் இடையில் முடிப்பவர்களுக்கு அவர் பெயரில் பதக்கம் தருகிறார்கள். 2019 இல்தான் அந்த நினைப்பு வந்தது.

கோல்ஃப் ஆடிய பாப்வா சேவ்கோலும் எங்கள் டர்பன்காரர். ஆடுபவர்களின் கோல்ஃப் மட்டைப் பையைச் சுமக்கும் வேலை (caddie) பார்த்தவர். கைகளை மாற்றிப் பிடித்து அடிப்பார். 1963 இல் நேட்டால் ஓப்பனை வென்றார். கிளப் கட்டிடத்துக்குள் இந்தியர் நுழையக் கூடாது என்பதால் வெளியே மழையில் நிற்க வைத்துக் கோப்பையைக் கொடுத்தார்கள். வென்றவருக்கே இதுதான். பிறகு ஆடவும் தடை.

நான் ஓட்டக்காரன். 1975 இல் எனக்கு 23 வயது, நல்ல கால். கதவு திறந்துவிட்டது, ஓடலாம். ஆனால் எங்கள் சங்கம் நிறவேற்றுமை பார்க்காத விளையாட்டுக்காகப் போராடிய தரப்பைச் சேர்ந்தது. நாட்டில் எதுவும் மாறாமல் ஒரு நாளைக்கு மட்டும் அனுமதி வாங்கிச் சமமாக ஓடுவது நாடகம் என்பது எங்கள் முடிவு. நானும் கை தூக்கி ஓட்டுப் போட்டேன். அந்த ஆண்டும், அதற்குப் பிறகு பல ஆண்டுகளும், சாலை ஓரம் நின்று ஓடுபவர்களுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன். கதவு முழுதாகத் திறந்தபோது என் முழங்கால் போய்விட்டது.

இதில் என்ன பாடம் என்று என் பேரனும் கேட்டான். ஒரு பாடமும் இல்லை என்றேன். செய்தவன் கற்க வேண்டிய பாடத்தைச் செய்யப்பட்டவனிடம் ஏன் கேட்கிறாய் என்றேன்.

---

நெறியாளர் | சனி 4:50

ஐயாவின் பதிவுக்கு மரியாதையுடன்: இழை அரசியல் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நண்பர்களே. தலைப்பு விளையாட்டு.

---

கர்ரீஸ்_ஃபவுண்டன் | சனி 5:03

தம்பி, இந்த நாட்டில் அவை இரண்டும் தனித்தனியாக இருந்த ஒரு வருடத்தைச் சொல்லுங்கள். நான் பதிவை நீக்கிவிடுகிறேன்.

---

நெறியாளர் | சனி 5:10

சரிங்க ஐயா. இருக்கட்டும்.

---

பஸ்_டிரைவர் | சனி 5:30

ஐயா, நீங்க குடுத்த ஆரஞ்சு எங்க அப்பா கைக்கும் வந்திருக்கும். அவர் எங்க சங்கத்துப் பேச்சைக் கேக்காம ஓடினவர். அதுக்காக எங்க சித்தப்பா ஆறு வருஷம் அவரோட பேசல. ரெண்டு பேரும் செத்துப் போயிட்டாங்க. யார் சரின்னு எனக்கு இன்னும் தெரியாது.

---

கர்ரீஸ்_ஃபவுண்டன் | சனி 5:48

இருவரும் சரிதான். உங்கள் தந்தைக்கும் கொடுத்திருப்பேன். உரிக்கும்போது எந்தச் சங்கம் என்று கேட்டதில்லை.

---

வெற்றி_நம்கையில் | சனி 8:20

காலைல நான் எழுதினதுக்கு... சாரி, நேத்து ராத்திரி எழுதினதுக்கு வருத்தம். இழையை முழுசா இப்பத்தான் படிச்சேன். ஆனா ஒரு சந்தேகம் கேக்கலாமா? தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்னன்னு சொல்வாங்க. ஒன்பது செகண்ட்ல விட்டாலும் ஒன்பது நிமிஷத்துல விட்டாலும் மெடல் இல்லதானே? ஏன் ஒன்பது செகண்ட் மட்டும் இவ்வளவு குத்துது?

---

காவேரிக்கரை | சனி 9:15

நல்ல கேள்வி கேட்டுட்டீங்க. இதுக்குப் பதில் சொல்லணும்னா இதுவரைக்கும் சொல்லாத ஒண்ணைச் சொல்லணும்.

கடைசிக் கட்டத்துல, 45த் கட்டிங்ங்கற இடத்தைத் தாண்டினதும் எனக்கு முன்னாடி ஒருத்தர் அப்படியே விழுந்தார். கெண்டைக்கால் பிடிச்சுக்கிச்சு. அம்பது வயசிருக்கும், பின் முதுகுல ஒட்டியிருந்த நம்பர்ல அவருக்கு இது முதல் தடவைன்னு தெரிஞ்சது. நான் நின்னு, அவர் குதிகாலைப் பிடிச்சு, பாதத்தை முட்டி பக்கமா மடக்கித் தள்ளினேன். அரை நிமிஷம் இருக்கும். பிடிப்பு விட்டதும் எழுப்பி விட்டுட்டு ஓடினேன். அப்புறம் அவரே என்னைத் தாண்டிப் போனார்.

ஒன்பது நிமிஷமா இருந்தா அந்த அரை நிமிஷம் கணக்குலயே வராது. ஒன்பது செகண்டா இருக்கறதாலதான் குத்துது.

இதை யார்கிட்டயும் சொல்லல. வீட்டுக்காரர்கிட்ட கூட. சொன்னா என்ன ஆகும்னு தெரியும். "அடடா, உதவி செஞ்சதாலதான் போச்சு, நீ தெய்வம்"பாங்க. ரெண்டு நாள்ல நானும் நம்பிடுவேன். ஃபீல்ட்ஸ் ஹில்ல நான் பண்ணின முட்டாள்தனத்துக்கு அந்த மனுஷன் பொறுப்பாயிடுவார்.

---

மீன்குட்டி_அம்மா | சனி 9:20

அக்கா!! அவர் முடிச்சாரா?

---

காவேரிக்கரை | சனி 9:24

முடிச்சார். 11:59 சொச்சம். அந்த முதுகுல இருந்த நம்பர் ஞாபகம் இருந்துச்சு, ரிசல்ட்ல தேடினேன்.

ஒரு வாரம் அவர் மேல அப்படி ஒரு ஆத்திரம் வந்துச்சு. பேர் தெரியாத ஆளு மேல. அதையும் சொல்லிடறேன்.

---

பஸ்_டிரைவர் | சனி 9:45

ஆத்திரம் வரலைன்னாத்தான் சந்தேகப்படணும்.

கணக்கு நான் போட்டுத் தர்றேன். க்யூல ஆறு நிமிஷம். இறக்கத்துல லாபம் நாலு, அதுக்குக் கட்டின வட்டி பன்னெண்டாவது இருக்கும். அவருக்கு அரை நிமிஷம். இதுல எதை எடுத்தாலும் அந்த ஒன்பது செகண்ட் திரும்பக் கிடைக்கும். அதனால எதையும் தனியாப் பிடிச்சு "இதுதான்"னு சொல்ல முடியாது. ஆனா அடுத்த தடவை உங்க கையில இருக்கறது எது? விழுந்த ஆளைப் பார்த்தா நீங்க மறுபடியும் நிப்பீங்க, அது மாறாது. அதனால அந்த அரை நிமிஷத்தை முன்னாடியே பட்ஜெட்ல போட்டுடுங்க.

1989ல வாலி ஹேவர்ட்னு ஒரு கிழவர், எண்பது வயசு, அப்போ பதினோரு மணி நேரம்தான் கெடு. ஒரு நிமிஷம் 57 செகண்ட் மிச்சம் வெச்சு முடிச்சார். அந்தக் காலத்துல ஜெயிச்ச சாம்பியன் அவர். அவருக்கே மிச்சம் அவ்வளவுதான். நான் என் பஸ்ஸை எப்பவும் 11:50க்குக் கொண்டு போய் விடற மாதிரிதான் ஓட்டுவேன். அந்தப் பத்து நிமிஷம் விழறவங்களுக்கு.

---

கர்ரீஸ்_ஃபவுண்டன் | ஞாயிறு காலை 5:50

பட்ஜெட் கணக்கு நன்றாக இருக்கிறது. அம்மா, உங்கள் மகளின் கட்டுரைக்கு என்ன சொன்னீர்கள்?

---

காவேரிக்கரை | ஞாயிறு 8:30

ஐயா, இன்னும் எழுதல. நேத்து ராத்திரி அவளை உட்கார வெச்சு வாட்ச் டேட்டாவைக் காட்டினேன். ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்துல கோடு சர்ருன்னு மேல ஏறி, பைன்டவுன்ல தொப்புன்னு விழுது. பார்த்துட்டு, "அம்மா, நீ இங்க ஷோ காமிச்சிருக்க"ன்னா. பெத்த பொண்ணு. அந்த ஆளைப் பத்தியும் சொன்னேன். "அவருக்கு உன்னை ஞாபகம் இருக்குமா?"ன்னு கேட்டா. அதை நான் யோசிச்சதே இல்ல.

---

மீன்குட்டி_அம்மா | ஞாயிறு 1:10

திரும்பி வராதவர் அண்ணா, உங்க அப்பா வைத்தியத்தை நேத்து சாயங்காலமே செஞ்சு பார்த்தேன். புரட்டாசி விரதமெல்லாம் முடிஞ்சதால மட்டனுக்குத் தடையில்ல. காரை நிறுத்திட்டு வாயைத் திறக்கல, நாக்கைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். இருபது நிமிஷம் கழிச்சு அவளே ஆரம்பிச்சா. சுவரைத் தொட்டது பிரச்சினையே இல்லையாம். குதிக்கறப்போவே கண்ணாடிக்குள்ள தண்ணி போயிடுச்சாம், பாதி ரேஸ் கண்ணே தெரியலையாம். இத்தனை நாளா நான் அந்தத் திரும்பறதைப் பத்தியே பேசிக்கிட்டிருந்திருக்கேன். நாளைக்குப் புதுக் கண்ணாடி வாங்கப் போறோம். குளத்துக்குப் போவாளான்னு கேக்கல.

---

திரும்பி_வராதவன் | ஞாயிறு 1:25

உருளைக்கிழங்கு வெந்திருந்துச்சா?

---

மீன்குட்டி_அம்மா | ஞாயிறு 1:26

குழைஞ்சே போச்சு 😄

---

பஸ்_டிரைவர் | ஞாயிறு 6:00

காவேரி மா, அடுத்த ஞாயிறு காலைல நாலே முக்கால், கௌவீஸ் ஹில் அடிவாரம். எங்க ஆளுங்க ஒரு பன்னெண்டு பேர் வருவாங்க. மேல ஏறி, ஃபீல்ட்ஸ் ஹில் உச்சி வரைக்கும் போய்த் திரும்புவோம். இறக்கத்துல என்னைத் தாண்டினா அடி விழும். காம்ரேட்ஸைப் பத்தி இப்போ பேச்சே வேண்டாம், சும்மா வாங்க.

---

காவேரிக்கரை | ஞாயிறு 9:05

அண்ணா, ஷூவை எடுத்துப் பார்த்தேன். ரெண்டரை வருஷம் சும்மா கிடந்ததுல அடிப்பாகம் பிரிஞ்சு வருது. வேற வாங்கிட்டு வர்றேன். நாலே முக்கால்னா எனக்குக் கொஞ்சம் கஷ்டம், பொண்ணும் வரேங்கறா, அவளை எழுப்பவே அரை மணி ஆகும். அஞ்சு மணி ஆக்க முடியுமா?

---

பஸ்_டிரைவர் | ஞாயிறு 9:08

முடியாது. பஸ் நிக்காது. 4:45. தண்ணி பாட்டில் கொண்டு வாங்க, அங்க குழாய் இல்ல.